ஒன்பது வெற்றி, இரண்டு தீர்ப்பு

2022 அக்டோபர் 30, ஞாயிற்றுக்கிழமை. டெட்ராய்ட் லயன்ஸ் அணி சொந்த மைதானத்தில் மயாமி டால்ஃபின்ஸுடன் ஆடியது. இடைவேளையில் 27-17 என்று முன்னிலை. பிற்பாதியில் ஒரு புள்ளிகூட எடுக்க முடியவில்லை; 31-27 என்று தோற்றுப் போனது. அந்தப் பருவத்தின் ஏழு ஆட்டங்களில் அது ஆறாவது தோல்வி. தலைமைப் பயிற்சியாளர் டான் கேம்பல் பொறுப்புக்கு வந்தபின் அணி ஆடியிருந்தவை 24 ஆட்டங்கள்: 4 வெற்றி, 19 தோல்வி, 1 சமன்.

இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு ஒருவரைப் பதவியில் நீடிக்க விடலாமா? அமெரிக்காவின் எந்தத் தேநீர் மேசையிலும் அன்று இதற்கு ஒரே பதில்தான் கிடைத்திருக்கும்.

இந்த ஆட்டம் பழக்கமில்லாதவர்களுக்குக் கொஞ்சம் பின்னணி. இங்கே சொல்லப்படுவது அமெரிக்கக் கால்பந்து. பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்து பிடித்தும் ஆடுவது. என்.எஃப்.எல். என்ற லீக்கில் 32 அணிகள். ஓர் அணி ஒரு பருவத்தில் 17 ஆட்டங்கள் ஆடும் (2020 வரை 16). தேறியவை பிளேஆஃப் சுற்றுக்குப் போகும். அதன் உச்சிதான் சூப்பர் பவுல். தாக்குதலுக்குத் தனிக் குழு, தற்காப்புக்குத் தனிக் குழு. இரண்டுக்கும் ஒவ்வோர் ஒருங்கிணைப்பாளர். அவர்களுக்குக் கீழே ஒரு பட்டாளம் உதவிப் பயிற்சியாளர்கள். இவர்கள் அத்தனை பேருக்கும் மேலே இருப்பவர் தலைமைப் பயிற்சியாளர். வீரர்களைச் சேர்ப்பதும் விற்பதும் பொது மேலாளரின் வேலை. எல்லாரையும் வைக்கவும் நீக்கவும் அதிகாரம் உள்ளவர் உரிமையாளர். வழக்கமான ஆட்டங்கள் முடிந்த மறுநாளுக்குக் ‘கறுப்புத் திங்கள்’ என்றே பெயர். தோற்ற அணிகளின் பயிற்சியாளர்கள் வரிசையாக வீட்டுக்கு அனுப்பப்படும் நாள் அது.

டெட்ராய்ட் அணி இந்த விஷயத்தில் ஓர் ஆய்வுக்கூடம் மாதிரி. 2015 முதல் 2022 வரையிலான எட்டுப் பருவங்களில் ‘வைத்திருப்பதா, அனுப்புவதா’ என்ற கேள்வி அதன் முன் பல முறை வந்தது; அவற்றில் நான்கை இங்கே எடுத்துக்கொள்கிறேன். மூன்று முறை வைத்துக்கொண்டது, ஒரு முறை அனுப்பியது. என் பார்வையில் இரண்டு முடிவுகள் சரி, இரண்டு தவறு. அந்த நான்கையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், வெற்றி தோல்விக் கணக்கைவிடப் பயனற்ற சாட்சி வேறு இல்லை என்று தோன்றுகிறது.

முதலில் ஆராய்ச்சிகள் சொல்வது.

பயிற்சியாளரை மாற்றினால் அணி தேறுமா என்ற கேள்வியைச் சமூகவியலாளர்கள் அறுபது ஆண்டுகளாகக் கிளறி வருகிறார்கள். 1963இல் ஆஸ்கர் கிரஸ்கி பேஸ்பால் அணிகளை ஆராய்ந்து, மேலாளர் மாற்றமும் மோசமான ஆட்டமும் கைகோத்தே வருகின்றன என்று காட்டினார். அடுத்த ஆண்டே வில்லியம் கேம்சனும் நார்மன் ஸ்காட்சும் மறுத்தார்கள். மேலாளரால் நல்லதும் பெரிதாக இல்லை, கெட்டதும் பெரிதாக இல்லை. தோல்விக்கு யாரையாவது பலி கொடுத்தாக வேண்டும், அதற்குத்தான் இந்தச் சடங்கு என்பது அவர்கள் வாதம். விவாதம் அங்கேயே கொஞ்ச காலம் சுற்றிக்கொண்டிருந்தது.

பிற்பாடு நெதர்லாந்துப் பொருளியலாளர்கள் இதைக் கெட்டிக்காரத்தனமாக அணுகினார்கள். தொடர்ந்து தோற்றுக்கொண்டிருக்கும் அணி பயிற்சியாளரை நீக்குகிறது. பிறகு சில ஆட்டங்களில் வெல்கிறது. மாற்றம் வேலை செய்தது என்று ஊர் சொல்கிறது. அதே அளவு தோற்ற இன்னோர் அணி பயிற்சியாளரை நீக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். அது என்ன ஆயிற்று? பாஸ் டெர் வீல், 1986 முதல் 2004 வரையிலான டச்சு லீக்கை எடுத்து, இந்த இரண்டு வகை அணிகளையும் ஒப்பிட்டார். யான் வான் அவர்ஸும் மார்ட்டின் வான் டெய்லும் பின்னர் அதே லீக்கின் 14 பருவங்களைப் பந்தயத் தரகர்களின் கணிப்புகளோடு சேர்த்து அலசினார்கள். இரண்டு ஆய்வுகளுக்கும் கிடைத்த விடை ஏறக்குறைய ஒன்றுதான்: பயிற்சியாளரை நீக்கிய அணி எவ்வளவு எழுந்ததோ, நீக்காத அணியும் அவ்வளவு எழுந்தது. பள்ளத்தின் அடியில் இருக்கும் அணிக்கு மேலே வருவதைத் தவிர வேறு வழி அதிகம் இல்லை.

அது நாம் அறிந்த கால்பந்து. அமெரிக்கக் கால்பந்துக்கு நெருக்கமான ஆய்வு 2013இல் வந்தது. ஸ்காட் ஆட்லர், மைக்கேல் பெர்ரி, டேவிட் டோஹர்ட்டி என்ற மூன்று அரசியல் அறிவியலாளர்கள் 1997 முதல் 2010 வரையிலான கல்லூரி அணிகளை ஆராய்ந்தார்கள். மிக மோசமாக ஆடிய அணிகளில் பயிற்சியாளர் மாற்றத்தால் சொல்லும்படியான பலன் இல்லை. நடுத்தரமாக ஆடிய அணிகளிலோ மாற்றம் நிலைமையை இன்னும் கெடுத்தது. ‘சுமார்’ என்று ஒருவரை அனுப்பும் எந்த உரிமையாளரும் இந்த இரண்டாவது முடிவை ஒருமுறை நிதானமாகப் படிக்கலாம். டெட்ராய்ட் படிக்கவில்லை, அதற்கு வருகிறேன்.

ஆட்டங்களின் எண்ணிக்கையும் ஒரு சிக்கல். பேஸ்பாலில் ஓர் அணி ஒரு பருவத்தில் 162 ஆட்டங்கள் ஆடுகிறது. அங்கே அதிர்ஷ்டம் அடித்தும் கெடுத்தும் சமனாகிவிடும். இங்கே 17தான். ஒவ்வோர் ஆட்டத்திலும் வெல்லத் துல்லியமாகப் பாதி வாய்ப்புள்ள, எல்லா வகையிலும் சராசரியான ஓர் அணியை எடுத்துக் கணக்குப் போட்டால், அது ஐந்து அல்லது அதற்கும் குறைவான ஆட்டங்களில் மட்டும் வெல்ல 100க்கு 7 வாய்ப்பு இருக்கிறது. 32 அணிகளும் அப்படிச் சராசரி அணிகளே என்று கொண்டாலும், ஆண்டுதோறும் இரண்டு அணிகள் ஒரு குற்றமும் செய்யாமல் அந்தக் குழியில் விழும். அவற்றின் பயிற்சியாளர்கள் கறுப்புத் திங்களில் பெட்டி கட்டுவார்கள்.

இனி டெட்ராய்ட்.

2014இல் ஜிம் கால்டுவெல் தலைமைப் பயிற்சியாளராக வந்தார். அமைதியானவர், குரல் உயர்த்தாதவர். முதல் பருவத்தில் 11 வெற்றி, 5 தோல்வி. பிளேஆஃப் வாய்ப்பும் கிடைத்தது. அடுத்த ஆண்டு எட்டு ஆட்டங்களில் ஏழு தோல்வி. ஏறத்தாழ கேம்பல் பிற்பாடு நின்ற அதே இடம். அந்தச் சரிவின் நடுவே அணி தாக்குதல் ஒருங்கிணைப்பாளர் ஜோ லொம்பார்டியை நீக்கியது. சில நாள் கழித்து உரிமையாளர் மார்த்தா ஃபயர்ஸ்டோன் ஃபோர்டு, பொது மேலாளர் மார்ட்டின் மேஹியூவையும் அணி நிர்வாகத்தின் தலைவர் டாம் லியூவண்டையும் வெளியேற்றினார். கால்டுவெல் மட்டும் தப்பினார். மீதி எட்டு ஆட்டங்களில் ஆறு வெற்றி. தோற்ற இரண்டில் ஒன்று, கடைசி நொடியும் கடந்தபின் ஆரன் ராஜர்ஸ் 61 கெஜத்துக்கு வானத்தில் எறிந்த பந்து கிரீன் பே வீரரின் கையில் விழுந்ததால் வந்தது. முதல் முடிவு: வைத்துக்கொண்டார்கள். சரி.

பின்னர் பாப் குவின் என்ற புதிய பொது மேலாளர் வந்தார். நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் அணியில் வளர்ந்தவர். தான் நியமிக்காத ஒரு பயிற்சியாளரோடு இரண்டு பருவங்கள் ஓட்டினார். இரண்டிலும் 9 வெற்றி, 7 தோல்வி. 2017 பருவம் முடிந்த மறுநாளே கால்டுவெல் நீக்கப்பட்டார். நான்கு ஆண்டுகளில் 36 வெற்றி, 28 தோல்வி, இரண்டு முறை பிளேஆஃப். 2001 முதல் 2010 வரை பத்துப் பருவங்களில் ஒன்றில்கூடத் தோல்வியைவிட அதிக வெற்றி காணாத, 2008இல் 16 ஆட்டங்களிலும் தோற்ற அணி இது என்பதை நினைவில் கொள்ள வேண்டும். கால்டுவெல்மேல் சொல்லப்பட்ட குறை பொய்யில்லை: வலிமையான அணிகளை அவர் அணி அரிதாகவே வென்றது, பிளேஆஃபில் ஓர் ஆட்டமும் வெல்லவில்லை. ஒன்பது வெற்றி போதாது என்பதுதான் நிர்வாகத்தின் வாதம். போதாதுதான். ஆனால் ‘இவர் போதாது’ என்பதும் ‘வேறொருவர் மேல்’ என்பதும் இரண்டு தனிக் கூற்றுகள். முதலாவதை நிரூபித்துவிட்டால் இரண்டாவது தானே வந்துவிடும் என்று நினைப்பதுதான் பயிற்சியாளர் நீக்கங்களில் திரும்பத் திரும்ப நடக்கும் பிழை.

வந்த வேறொருவர் மாட் பட்ரீசியா. குவினோடு பேட்ரியட்ஸில் இருந்தவர். அங்கே தற்காப்பு ஒருங்கிணைப்பாளர். முதல் பருவம் 6 வெற்றி, 10 தோல்வி. இரண்டாவது பருவத்தில் 3 வெற்றி, 12 தோல்வி, 1 சமன். கடைசி ஒன்பது ஆட்டங்களிலும் தொடர் தோல்வி. பந்தை எறிந்து தாக்குதலை நடத்தும் குவாட்டர்பேக் மாத்யூ ஸ்டாஃபர்ட் முதுகெலும்புக் காயத்தால் பாதிப் பருவம் ஆடவில்லை. அது நியாயமான சமாதானம். 2019 டிசம்பரில் ஃபோர்டு குடும்பம் பத்திரிகையாளர்களை அழைத்து, குவினும் பட்ரீசியாவும் நீடிப்பார்கள், அடுத்த ஆண்டு பிளேஆஃபுக்குப் போட்டியிடும் அணியை எதிர்பார்க்கிறோம் என்று அறிவித்தது.

இதையும் பொறுமை என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் அந்த அணி தோற்ற விதத்தைக் கொஞ்சம் பார்க்கலாம். 2019 முதல் ஆட்டத்தில் அரிசோனாவுக்கு எதிராக நான்காம் கால்பகுதியில் 24-6 என்று முன்னிலை. முடிவு 27-27 சமன். 2020 முதல் ஆட்டத்தில் சிகாகோவுக்கு எதிராக நான்காம் கால்பகுதியில் 23-6. முடிவு 27-23 தோல்வி. அடுத்த வாரம் கிரீன் பேயிடம் 14-3 என்று முன்னேறி, 42-21 என்று உதை வாங்கினார்கள். ஸ்டாஃபர்ட் 2020இல் திரும்பி வந்திருந்தார். நோய் அப்படியே இருந்தது. தற்காப்பு நிபுணர் என்று அழைத்து வரப்பட்டவரின் தற்காப்புதான் முன்னிலையைக் காக்கத் தெரியாமல் தவித்தது. இதற்கிடையே அணியின் சிறந்த தற்காப்பு வீரர்களில் இருவர் கைமாறிப் போனார்கள். குவாண்ட்ரே டிக்ஸ் 2019 நடுவில் சியாட்டிலுக்கு. டேரியஸ் ஸ்லே 2020இல் ஃபிலடெல்ஃபியாவுக்கு. பயிற்சியாளரோடு ஒட்டவில்லை என்பதை ஸ்லே பின்னர் ஒளிக்கவில்லை. 2020 நவம்பரில் நன்றியளிப்பு நாள் ஆட்டத்தில் ஹூஸ்டனிடம் தோற்ற இரண்டாம் நாள் குவினையும் பட்ரீசியாவையும் நீக்கினார்கள். பட்ரீசியாவின் மொத்தக் கணக்கு 13 வெற்றி, 29 தோல்வி, 1 சமன்.

ஆக, 2017இல் நீக்கியதும் தவறு, 2019இல் நீக்காததும் தவறு. பொறுமை ஒரு நற்குணம் என்று ஒரு கட்சி. கண்டிப்பே மருந்து என்று இன்னொரு கட்சி. இரண்டு கட்சிக்கும் டெட்ராய்ட்டில் ஆதாரம் கிடைக்கும்.

பொறுமைக் கட்சியின் பிரியமான கதைகள் இரண்டு. 1969இல் பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸுக்கு வந்த சக் நோல், முதல் ஆட்டத்தில் வென்று, அடுத்த 13 ஆட்டங்களிலும் தோற்றார். உரிமையாளரான ரூனி குடும்பம் அசையவில்லை. 1974 முதல் 1979 வரையிலான ஆறு பருவங்களில் அவர் நான்கு சூப்பர் பவுல்களை வென்றார். டாலஸ் கவ்பாய்ஸின் டாம் லாண்ட்ரி, 1960இல் ஓர் ஆட்டமும் வெல்லாமல் தொடங்கினார். நான்கு பருவங்களில் 13 வெற்றிகளே இருந்த நிலையில், உரிமையாளர் கிளிண்ட் மர்ச்சிசன் 1964இல் அவருக்குப் பத்தாண்டு ஒப்பந்தம் நீட்டித்தார். 1966 தொடங்கித் தொடர்ந்து இருபது பருவங்கள் தோல்வியைவிட வெற்றி அதிகம். இந்த இரண்டையும் சொல்கிறவர்கள் ஹியூ ஜாக்சனைச் சொல்வதில்லை. கிளீவ்லாந்து பிரவுன்ஸ் அணி 2016இல் அவர் தலைமையில் 1 வெற்றி, 15 தோல்வி, வைத்துக்கொண்டது. 2017இல் 0 வெற்றி, 16 தோல்வி, அப்போதும் வைத்துக்கொண்டது. 2018 நடுவில் அனுப்பியபோது மொத்தம் 3 வெற்றி, 36 தோல்வி, 1 சமன். நோலும் லாண்ட்ரியும் நினைவில் நிற்பதற்குக் காரணம் அவர்கள் பிறகு வென்றதுதான். வைத்துக்கொண்டும் தேறாதவர்களை யார் நினைவில் வைக்கிறார்கள்?

லாண்ட்ரி கதைக்கு ஒரு வால் உண்டு. 1989 பிப்ரவரியில் அணியை வாங்கிய ஜெர்ரி ஜோன்ஸ், 29 பருவங்கள் கண்ட அந்த மனிதரை நீக்கினார். டெக்சஸ் கொதித்தது. புதிதாக வந்த ஜிம்மி ஜான்சன் முதல் பருவத்தில் 1 வெற்றி, 15 தோல்வி. ஆனால் 1992, 1993 பருவங்களில் அவர் அடுத்தடுத்து சூப்பர் பவுல் வென்றார். மர்ச்சிசன் வைத்துக்கொண்டதும் சரி, ஜோன்ஸ் நீக்கியதும் சரி. ஜான்சனின் குவாட்டர்பேக் ட்ராய் ஐக்மன் 1989 டிராஃப்டின் (அதிகம் தோற்ற அணி முதலில் என்ற வரிசையில் அணிகள் புதிய வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் முறை) முதல் தேர்வு. அந்த முதல் தேர்வு கிடைத்தது லாண்ட்ரியின் கடைசிப் பருவத்து 13 தோல்விகளால். புதியவரின் வெற்றியில் பழையவரின் தோல்விக்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்ல எந்தப் புள்ளியியலாளராலும் முடியாது.

சரி, 2022 அக்டோபருக்குத் திரும்புவோம். பின்னால் நடந்தது தெரிந்தபின் கேம்பலை வைத்துக்கொண்டது சரி என்பது எளிது. அன்று கையில் என்ன இருந்தது?

முதலில், தோல்விகளின் அளவு. ஆறில் நான்கு தோல்விகள் நான்கு புள்ளிக்குள்: ஃபிலடெல்ஃபியாவிடம் 38-35, மினசோட்டாவிடம் 28-24, சியாட்டிலிடம் 48-45, மயாமியிடம் 31-27. இந்த ஆட்டத்தில் ஒரு டச்டவுனுக்கே ஆறு புள்ளி. நான்கு புள்ளி வித்தியாசம் என்பது ஒரு பந்து நழுவுவதும் நழுவாததும்தான். முந்திய ஆண்டும் இதே கதைதான். 2021 செப்டம்பரில் பால்டிமோரின் ஜஸ்டின் டக்கர் கடைசி நொடியில் 66 கெஜத் தூரத்திலிருந்து உதைத்த பந்து குறுக்குக் கம்பியில் பட்டு எகிறி அந்தப் பக்கம் விழுந்தது. அன்றைக்கு அது லீக் சாதனை. டெட்ராய்ட்டுக்கு 19-17 தோல்வி. இரண்டு வாரம் கழித்து மினசோட்டாவிடம் இன்னொரு கடைசி நேர உதையில் மறுபடி அதே 19-17. அன்று பத்திரிகையாளர்கள் முன் கேம்பல் அழுதார். நெருக்கமான ஆட்டங்களில் தோற்றுக்கொண்டே இருப்பது ஒரு குணம் என்று ரசிகர்கள் நம்புவார்கள். புள்ளிவிவரங்களைப் பொறுத்தவரை அது பெரும்பாலும் நாணயச் சுண்டல்.

மறுபக்கச் சான்றையும் வைத்துவிடுகிறேன். அதே அக்டோபரில் நியூ இங்கிலாந்திடம் 29-0, டாலஸிடம் 24-6. இவற்றை யாரும் நாணயத்தின்மேல் போட முடியாது. ஏழு ஆட்டங்களில் எடுத்தது 173 புள்ளி, கொடுத்தது 225. தற்காப்பு ஆட்டத்துக்கு 32 புள்ளிகளை வாரி வழங்கிக்கொண்டிருந்தது.

ஆனால் தாக்குதல்? முதல் நான்கு ஆட்டங்களில் லயன்ஸ் எடுத்தது 140 புள்ளிகள். அந்த நேரத்தில் லீக்கிலேயே அதிகம். எனக்கு முக்கியமாகப் படுவது அந்த எண்ணைவிட அது வந்த வழிதான். 2021இல் தாக்குதல் ஒருங்கிணைப்பாளர் ஆன்டனி லின். அது எடுபடவில்லை. பருவத்தின் நடுவில் கேம்பல் ஆட்ட உத்திகளை அழைக்கும் பொறுப்பைத் தானே எடுத்துக்கொண்டார்; டைட் எண்ட் என்ற தாக்குதல் நிலையில் ஆடும் வீரர்களின் பயிற்சியாளராக இருந்த பென் ஜான்சன் என்ற இளைஞரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். பருவம் முடிந்ததும் லின் போனார், ஜான்சன் ஒருங்கிணைப்பாளர் ஆனார். 2021இல் 17 ஆட்டங்களில் 325 புள்ளி. 2022இல் அதே 17 ஆட்டங்களில் 453. தான் செய்த ஒரு நியமனம் பிழை என்று ஒப்புக்கொண்டு, அதைத் திருத்தி, திருத்தத்தின் பலனைக் காட்டிய பயிற்சியாளர் அவர். பட்ரீசியாவிடம் இல்லாதது இதுதான். அவருடைய அணி மூன்றாவது பருவத்திலும் முதல் இரண்டு பருவங்களின் பிழையைத்தான் செய்தது.

மயாமி தோல்விக்கு நான்கு நாள் முன்பு, ஒரு வெற்றி ஐந்து தோல்வி என்ற நிலையில், உரிமையாளர் ஷீலா ஃபோர்டு ஹாம்ப் பயிற்சி மைதானத்துக்கு வந்து நிருபர்களிடம் பேசினார். 2020இல் தாயிடமிருந்து பொறுப்பேற்றவர். தோல்வி கஷ்டமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் கேம்பல் மீதும் பொது மேலாளர் பிராட் ஹோம்ஸ் மீதும் நம்பிக்கை இருக்கிறது என்பது அவர் பேச்சின் சாரம். தாய் 2019இல் பட்ரீசியாவுக்குச் சொன்னதும் கிட்டத்தட்ட இதுவே. உரிமையாளர்களின் நம்பிக்கை அறிக்கைக்கு எவ்வளவு மதிப்புக் கொடுக்கலாம் என்பதற்கு இந்தக் குடும்பமே அளவுகோல்.

மயாமி தோல்வியின் மறுநாள் கேம்பல் மறுபடி திருத்தினார். தற்காப்பின் பின்வரிசைப் பயிற்சியாளர் ஆப்ரி பிளெசன்ட் நீக்கப்பட்டார். அடுத்த பத்து ஆட்டங்களில் எட்டு வெற்றி. முதல் ஏழு ஆட்டங்களில் 225 புள்ளி கொடுத்த தற்காப்பு, அடுத்த பத்து ஆட்டங்களில் கொடுத்தது 202. நாணயமும் இந்தமுறை மற்றப் பக்கம் விழுந்தது: சிகாகோவை 31-30, நியூயார்க் ஜெட்ஸை 20-17. இந்த எழுச்சியில் பிளெசன்டை நீக்கியதற்கு எவ்வளவு, இளம் வீரர்கள் பழகியதற்கு எவ்வளவு, டச்சு ஆய்வுகள் சொன்ன ‘பள்ளத்திலிருந்து மேலே’ எவ்வளவு? பிளெசன்ட் அளவுக்கு மீறிப் பழி சுமந்தார் என்பது என் ஊகம். தலைமைப் பயிற்சியாளர் தப்பும்போது அடுத்த படியில் இருப்பவர் பலியாவதும் கேம்சன் சொன்ன சடங்கின் ஒரு வடிவம்தான்.

கடைசி ஆட்டம் 2023 ஜனவரி 8 அன்று கிரீன் பேயில். அது தொடங்குமுன்பே வேறோர் ஆட்டத்தின் முடிவால் டெட்ராய்ட்டின் பிளேஆஃப் வாய்ப்பு போய்விட்டது. ஆடுவதற்கு எதுவும் மிச்சமில்லாத அணி, வென்றால் பிளேஆஃப் என்று நின்ற கிரீன் பேயை 20-16 என்று வென்று வீட்டுக்கு அனுப்பியது. வீரர்கள் பயிற்சியாளரோடு இருக்கிறார்களா என்று கேட்பவர்களுக்கு அதைவிட நல்ல சோதனை கிடைக்காது. பருவத்தின் கணக்கு: 9 வெற்றி, 8 தோல்வி. பிளேஆஃப் இல்லை.

2017இல் கால்டுவெல் 9 வெற்றி, 7 தோல்வி, பிளேஆஃப் இல்லை, வேலை போனது. 2022இல் கேம்பல் அதே ஒன்பது, நகரமே கொண்டாடியது. ஒன்று இறங்குமுகமாகவும் மற்றது ஏறுமுகமாகவும் தெரிந்தது என்பார்கள். 2021இல் 3 வெற்றி, 13 தோல்வி, 1 சமன் என்ற கணக்கோடு கேம்பல் நீடித்தார். சரியாக அடுத்த ஆண்டு, சரியாக அதே 3-13-1 கணக்கோடு, ஹூஸ்டன் டெக்ஸன்ஸின் லவ்வி ஸ்மித் ஒரே பருவத்தில் நீக்கப்பட்டார். அதற்கு முந்திய ஆண்டு அதே ஹூஸ்டன் டேவிட் கல்லியை ஒரே பருவத்தில் நீக்கியது. 2021இல் மயாமியில் 9 வெற்றி, 8 தோல்வி கண்ட பிரையன் ஃபுளோரஸும் நீக்கப்பட்டார். லீக்கின் நியமன முறையில் இனப் பாகுபாடு இருப்பதாக 2022 பிப்ரவரியில் வழக்குத் தொடுத்தார். கால்டுவெல், ஸ்மித், கல்லி, ஃபுளோரஸ் நால்வரும் வெள்ளையர் அல்லர். வீரர்களில் பாதிக்கும் மேலானோர் கறுப்பினத்தவராக இருக்கும் லீக் இது. தலைமைப் பயிற்சியாளர் நேர்காணலுக்குச் சிறுபான்மையினரையும் அழைக்க வேண்டும் என்ற விதி 2003இலேயே வந்துவிட்டது. பொறுமைக்கு அப்படி ஒரு விதி கிடையாது. ஒவ்வொரு நீக்கத்துக்கும் தனிக் காரணம் சொல்ல முடியும். ஹூஸ்டன் நியமித்த அடுத்தவர் டெமெக்கோ ரையன்ஸ், அவரும் கறுப்பினத்தவர், முதல் பருவத்திலேயே 10 வெற்றி கண்டு பிளேஆஃபுக்குப் போனார் என்பதையும் சொல்ல வேண்டும். கூடவே வந்த குவாட்டர்பேக் சி.ஜே. ஸ்ட்ரௌடையும் சேர்த்து. ஆனாலும், ஒரே எண் ஒருவருக்கு ‘வளர்ச்சி’, இன்னொருவருக்கு ‘தோல்வி’ என்று வாசிக்கப்படும்போது, அந்த வாசிப்பில் ஆட்டம் மட்டும்தான் இருக்கிறது என்று நம்ப என்னால் முடியவில்லை.

அவசரப்பட வேண்டிய கட்டாயமாவது இருக்கிறதா? ஐரோப்பியக் கால்பந்தில் இருக்கிறது. கடைசி இடங்களுக்குப் போனால் கீழ் லீக்குக்குத் தள்ளப்படுவார்கள். தொலைக்காட்சிப் பணம் போய்விடும். நீக்கத்தால் பலன் குறைவு என்று தெரிந்தாலும் எதையாவது செய்துதான் தீர வேண்டும். என்.எஃப்.எல்.லில் தரமிறக்கம் கிடையாது. தேசியத் தொலைக்காட்சி வருமானம் 32 அணிகளுக்கும் சமமாகப் பங்கு. எல்லாருக்கும் ஒரே சம்பள உச்சவரம்பு. அதிகம் தோற்றவருக்கு அடுத்த டிராஃப்டில் முன்னுரிமை. 2021 தோல்விகளால்தான் டெட்ராய்ட்டுக்கு இரண்டாவது தேர்வு கிடைத்து எய்டன் ஹட்சின்சன் வந்தார். பொறுமைக்கு இவ்வளவு குறைந்த விலை உள்ள தொழில் விளையாட்டு அரிது. அதே ஏற்பாடு சோம்பலுக்கும் தண்டனை தருவதில்லை. மாட் மில்லன் என்ற நிர்வாகியை 2001 முதல் 2008 வரை லயன்ஸ் வைத்திருக்க முடிந்தது அதனால்தான்.

நீக்கத்துக்கு எதிராக நான் வாதிடவில்லை. 2024 நன்றியளிப்பு நாளில் டெட்ராய்ட்டில் ஆடிய சிகாகோ பேர்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். 23-20 என்று பின்தங்கிய நிலையில், கடைசி அரை நிமிடம். கையில் ஆட்டத்தை நிறுத்தும் வாய்ப்பு ஒன்று மிச்சம். பயிற்சியாளர் மாட் எபர்ஃப்ளூஸ் அதைப் பயன்படுத்தாமலே கடிகாரத்தை ஓட விட்டார். ஒரே ஒரு பந்து எறிந்தார்கள், ஆட்டம் முடிந்தது. மறுநாள் நீக்கப்பட்டார். 1920இல் தொடங்கிய அந்த அணி பருவத்தின் நடுவில் ஒரு தலைமைப் பயிற்சியாளரை நீக்கியது அதுவே முதல் முறை. அந்தப் பருவத்தில் கடைசி நொடிகள் அவரைக் கவிழ்த்தது அன்று முதல் தடவை இல்லை. வாஷிங்டனிடம் கடைசி எறியில் தோற்றிருந்தார்கள். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப உடையும் பானையை மாற்றத்தான் வேண்டும். அது எத்தனையாவது தோல்வி என்பதைவிட எப்படித் தோற்றார் என்பது அங்கே தீர்ப்பை எழுதியது.

கேம்பல் 2023இல் 12 வெற்றி கண்டார். 2024 ஜனவரியில் ராம்ஸ் அணியை 24-23 என்று வென்றது, 1992க்குப் பிறகு டெட்ராய்ட்டின் முதல் பிளேஆஃப் வெற்றி. ராம்ஸின் குவாட்டர்பேக், 2021இல் டெட்ராய்ட் விற்ற ஸ்டாஃபர்ட். டெட்ராய்ட்டின் குவாட்டர்பேக், அந்தப் பரிமாற்றத்தில் ராம்ஸ் தள்ளிவிட்ட ஜாரெட் காஃப். அடுத்த பருவம் 15 வெற்றி, 2 தோல்வி.

அப்போது ஊர் முழுக்கப் பேசிய பெயர் பென் ஜான்சனுடையது. லீக்கின் மிகக் கூர்மையான தாக்குதல் மூளை என்று. அவர் டெட்ராய்ட்டுக்கு வந்தது கேம்பலோடு அல்ல. 2019இல், பட்ரீசியாவின் குழுவில், தாக்குதல் பிரிவின் கடைநிலை உதவியாளராக வந்தவர். தலைமைப் பயிற்சியாளர் போனால் அவர் குழுவும் கலைவதுதான் இந்தத் தொழிலின் வழக்கம். 2021இல் அவர் தப்பியது கேம்பல் அவரை வைத்துக்கொண்டதால். 2022 அக்டோபரில் கேம்பலை அனுப்பியிருந்தால், புதிதாக வருபவர் தன் ஆட்களைக் கொண்டுவந்திருப்பார். ஏழே ஆட்டங்கள் அனுபவமுள்ள ஓர் ஒருங்கிணைப்பாளர், ஒரு வெற்றி ஆறு தோல்வி என்ற முத்திரையோடு வேறு ஊரில் வேலை தேடியிருப்பார். டெட்ராய்ட் எதை இழந்தது என்பது டெட்ராய்ட்டுக்கே தெரிந்திருக்காது. 2025 ஜனவரியில் அவரைத் தலைமைப் பயிற்சியாளராக்கிக்கொண்டது, எபர்ஃப்ளூஸை அனுப்பிய சிகாகோ.